விஷக்காய்ச்சலும் நம் பத்துக்குப் பத்தும்

(மழைக்காலத் தொடக்கத்தில் தாராவியில் நடைபெற்ற குடியிருப்போர் கூட்டத்தில், மன்றச் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



காய்ச்சலைப் பற்றிப் பேச மன்றம் எதற்கு, அதற்கு டாக்டர் இல்லையா என்று வாசலில் சிலர் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்வார். காய்ச்சல் கண்டால் ஐந்து நாள் தனி அறையில் இருங்கள், ஓய்வெடுங்கள், கூட்டத்துக்குள் போகாதீர்கள் என்பார். நல்ல அறிவுரை. அந்தத் தனி அறை எங்கே இருக்கிறது, ஐந்து நாள் கூலியை யார் தருவது என்று அவரிடம் கேட்க முடியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. அங்கே போய்க் கேட்பதற்கு முன்னால், இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதை நாம் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் கேட்டால் கையில் ஒரு சோப்புக்கட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நம் பாட்டிமார் விஷக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொன்னவற்றில் ஒன்று இது. டாக்டர் சீட்டில் இன்புளுயன்சா என்று எழுதுவார். பிள்ளைகள் ஃப்ளூ என்கிறார்கள். சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். இது அப்படி வராது. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் கை கால் முறித்துப்போட்டதுபோல வந்து விழுவார். திடீர்க் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், எழுந்திருக்க முடியாத அசதி. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்குச் சரியாவதில்லை, அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இதற்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமி. மூக்கிலும் தொண்டையிலும் பெருகும். இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமல்ல, பேசும்போதும் மூச்சு விடும்போதும்கூட வெளியே வரும். பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும்; எதிரில் முகத்துக்கு முகம் நிற்பவர்மேல் படும். மிகச் சிறிய துளிகள் விழுவதில்லை. பீடிப் புகை போலக் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

அடுப்பில் மிளகாய் தாளிப்பதைப் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் நிற்பவர் முதலில் இருமுவார். ஜன்னல் இருந்தால் பெரும்பாலும் அவரோடு போய்விடும். ஜன்னல் இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கடைசி மூலையில் படுத்திருப்பவரும் எழுந்து உட்கார்ந்து இருமுவார். தாளித்த வாடைக்கு நெடி உண்டு, அதனால் கதவைத் திறக்கிறோம். இந்தக் கிருமிக்கு நெடி இல்லை. மழைச்சாரல் அடிக்கிறதே என்று இருக்கிற ஒரே கதவையும் சாத்திவிடுகிறோம்.

மூன்றாவது வழி கை. மூக்கைத் துடைத்த கை கதவுத் தாழ்ப்பாளைத் தொடுகிறது, தண்ணீர்ச் சொம்பைத் தொடுகிறது, பக்கத்துத் தம்பியின் செல்போனை வாங்கி ஊருக்குப் பேசுகிறது. அடுத்த கை அதைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்குகிறது. 1982-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் இதை அளந்து பார்த்தார்கள். எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பொருள்களில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணிநேரம் வரை பிழைத்திருந்தது. துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணிநேரம். கையில் ஏறியபின் ஐந்து நிமிடம் போல. ஐந்து நிமிடம்தானே என்று எண்ண வேண்டாம். நாம் மூக்கைத் தொடாமல் ஐந்து நிமிடம் இருப்பதே அபூர்வம். இந்த மூன்று வழிகளில் எதற்கு எவ்வளவு பங்கு என்று விஞ்ஞானிகள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றும் உண்டு என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை.

அடைத்த இடம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு, அலாஸ்கா. ஒரு விமானத்தில் 54 பேர். கிளம்பும் நேரத்தில் எஞ்சின் பழுதாகி விமானம் மூன்று மணிநேரம் தரையிலேயே நின்றது. பெரும்பாலோர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று மணிநேரமும் காற்றோட்டக் கருவி வேலை செய்யவில்லை. பயணிகளில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும். மூன்றே நாளில் நூற்றுக்கு 72 பேர் படுத்துவிட்டார்கள். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாரோ அந்த அளவுக்கு ஆபத்தும் கூடியிருந்தது. அவர்கள் ஏழைகள் இல்லை, அழுக்கானவர்கள் இல்லை, விமானத்தில் போகிறவர்கள். காற்று நின்றது, அதற்கு மூன்று மணிநேரமே போதுமாயிருந்தது.

இப்போது நம் அறைக்கு வருவோம். பத்தடிக்குப் பத்தடி. இட்லித் தம்பிமார் தங்கும் அறைகளில் எட்டுப் பேர், பத்துப் பேர். சில இடங்களில் அதற்கும் மேல். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றி, அடுக்கிக் கட்டி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பகலில் வந்து அதே தரையில் வரிசையாகப் படுக்கிறார்கள். இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். ஜன்னல் என்று ஒன்று இருந்தாலும் அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் திறக்கும். அலாஸ்கா விமானத்தில் மூன்று மணிநேரம். இங்கே ஒவ்வொரு நாளும் ஏழெட்டு மணிநேரம்.

லோக்கல் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள் என்பது ரயில்வே வட்டாரத்துக் கணக்கு. முகத்துக்கு முகம் நின்றால் பெரிய துளி நேரே வந்து சேரும், சந்தேகமில்லை. ஆனால் கதவு திறந்து கிடக்கும் பழைய பெட்டியில் காற்றாவது அடிக்கிறது. மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டால் அதுவும் போயிற்று. ரயிலை விட்டு இறங்கிவிடுகிறோம், அறையை விட்டு இறங்க முடியாது. ஆகவே எங்கள் கவலை முதலில் அறையைப் பற்றித்தான்.

முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி கேட்கிறார்: காய்ச்சல் வந்தவரை ஒதுக்கிவைத்தால் போதாதா? பாதிக்குப் போதும். இந்தக் கிருமி உடம்புக்குள் போய் ஒன்று முதல் நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாள், காய்ச்சலாக வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுத்துக்கொண்டிருப்பார். முதல் மூன்று நான்கு நாள் மிக மோசம். குழந்தைகள் இன்னும் அதிக நாள். ஆகவே நன்றாக நடமாடும் ஆளிடமிருந்தும் வரும். யார் கொண்டுவந்தார் என்று அறைக்குள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவதில் ஒரு பயனும் கிடையாது.

யார் கொண்டுவந்தார் என்ற வழக்கு இந்த நகரத்துக்குப் பழையது. 1918-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் போர்வீரர்களை ஏற்றிய கப்பல் ஒன்று பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து போனது. ஜூன் 10-ஆம் நாள் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் நின்றவர். அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கப்பல் கம்பெனி ஊழியர்கள், கப்பல் கட்டும் துறைக்காரர்கள், போர்ட் டிரஸ்ட் ஆட்கள், தந்தி ஆபீஸ், நாணயச்சாலை, பஞ்சாலை என்று வரிசையாக விழுந்தார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். காற்று அடித்த திசையில் அது போகவில்லை. சேர்ந்து வேலை செய்கிறவர்கள், சேர்ந்து தங்குகிறவர்கள் என்ற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. நகரச் சுகாதார அதிகாரி டர்னர், கப்பல்தான் காரணம் என்றார். அரசாங்கத் தரப்பில், இல்லை, உங்கள் பம்பாயின் அசுத்தம்தான் கப்பல்காரர்களுக்குக் கொடுத்தது என்றார்கள். இவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் ரயில் ஏறி உள்நாட்டுக்குப் போய்விட்டது. மற்ற ஊர்களில் அதற்குப் பம்பாய்க் காய்ச்சல் என்றே பெயர்.

ஜூன், ஜூலையில் வந்தது முதல் அலை, கொஞ்சம் லேசு. செப்டம்பரில் திரும்பி வந்ததுதான் ஆளைத் தின்றது. அக்டோபர் 6-ஆம் நாள் ஒரே நாளில் இந்த நகரத்தில் 768 பேர் இறந்ததாகக் கணக்கு. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. போருக்குத் தானியம் போயிற்று, விலை ஏறிற்று. பட்டினி உடம்பில் காய்ச்சல் ஏறினால் என்ன ஆகும்? இந்தியா முழுவதும் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரை என்று ஆய்வாளர்கள் வெவ்வேறு கணக்குச் சொல்கிறார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் ஜனத்தொகை முந்திய கணக்கைவிடக் குறைந்து நின்றது. அதற்கு முக்கியக் காரணம் இந்தக் காய்ச்சல்தான்.

தோழர்களே, இந்த இடத்தில் ஒரு கணக்கை நிதானமாகக் கேளுங்கள். 1918-இல் பம்பாயில் இந்தக் காய்ச்சலுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று சமூகவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியரில் 8.3. பார்சிகளில் 9.0. சாதி இந்துக்களில் 18.9. முஸ்லிம்களில் 19.2. அன்றைய சர்க்கார் ஏட்டில் தாழ்ந்த சாதி இந்துக்கள் என்று எழுதப்பட்டவர்களில் 61.6. வெள்ளைக்காரத் துரையும் சேரியில் இருந்த தொழிலாளியும் ஒரே நகரத்தில் ஒரே மாதத்தில் ஒரே கிருமியைச் சுவாசித்தார்கள். கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் அழகாகச் சொல்வார்கள். கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டு வாடகைக்குத் தெரியும், கூலிக்குத் தெரியும், குழாயடிக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தெரியும். ஏழு மடங்கு வித்தியாசம் வேறெங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் அந்தக் கணக்குகளில் இருக்கிறது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். வீட்டில் படுத்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்தது அவர்கள், இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தது அவர்கள், மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிட்டதும் அவர்கள். நெருங்கிய தொடர்பினால் பரவுகிறது என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அந்த நெருங்கிய தொடர்புக்கு நம் வீடுகளில் அம்மா, அக்கா, மருமகள் என்று பெயர். இதை இங்கே வந்திருக்கும் ஆண்களுக்காகத்தான் சொல்கிறோம்.

1957-இல் வந்ததற்கு ஆசியக் காய்ச்சல் என்று பெயர். நம் பெரியவர்கள் சிலருக்கு ரஜுலா கப்பலைத் தெரிந்திருக்கும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவர்களை ஏற்றி இறக்கிய கப்பல். அதன் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த அந்தக் கப்பலில்தான் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது. கிருமியைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்தார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கு மேல் நோயாளிகள் பதிவானார்கள், ஆயிரத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள். பதிவானது மட்டும் அவ்வளவு.

2009-இல் வந்ததைப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள். அந்தப் பெயரால் கறிக்கடைக்காரர்களுக்கு நஷ்டம் வந்ததே தவிர வேறு நன்மை இல்லை. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவியது. ஆகஸ்டில் புனேயில் முதல் மரணம் நேர்ந்ததும் புனேயிலும் மும்பையிலும் பள்ளிகளையும் சினிமாக் கொட்டகைகளையும் மூடினார்கள். அந்த வைரஸ் எங்கும் போய்விடவில்லை. வருடாவருடம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாகி நம்மோடுதான் இருக்கிறது. மும்பையில் மழைக்காலத்தில் ஏறும். தமிழ்நாட்டின் வடபகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஏறும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு இடத்துப் பருவத்தையும் பார்த்துவிடுகிறோம்.

2020-ஐ மறந்திருக்க மாட்டோம். அது வேறு வைரஸ், ஆனால் போகும் வழி ஏறக்குறைய இதே வழி. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி தெரிந்தபோது, அவ்வளவுதான், தாராவி மும்பையை முடித்துவிடும் என்று பேசினார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று முதலில் சொன்னார்கள். வீட்டில் எப்படி இருப்பது? கழிப்பறைக்கே தெருவில் வரிசையில் நிற்க வேண்டுமே! பிறகு மாநகராட்சி வழியை மாற்றியது. சந்துக்குச் சந்து காய்ச்சல் முகாம் வைத்தார்கள். சந்தேகப்பட்டவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கும் மண்டபங்களுக்கும் கொண்டுபோய்ச் சோறு போட்டு, மருத்துவர் வைத்துத் தனியே தங்கவைத்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. அதே ஜூலையில் நகரத்தின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, குடிசைப் பகுதியில் நூற்றுக்கு 57 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மற்ற வீடுகளில் 16 பேருக்கு. ஆகவே கைதட்டலை நாங்கள் அளவோடுதான் ஏற்றுக்கொள்கிறோம். ஆனாலும் ஒன்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. இடம் இல்லாதவனுக்கு இடத்தைக் கொடுத்தால் அவன் தனித்து இருப்பான். படித்தவன் பாமரன் என்ற பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்தது கூலி. காய்ச்சலோடு வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லிவிடலாம். நாள்கூலிக்காரர் ஒரு நாள் படுத்தால் அன்றைக்குச் சோறு இல்லை. இரண்டு நாள் படுத்தால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். நம் உறுப்பினர் ஒருவர் பட்டறையொன்றில் வேலை செய்கிறார், பெயர் வேண்டாம். 102 டிகிரிக் காய்ச்சலோடு மிஷினில் உட்கார்ந்தார். நான்காம் நாள் அந்தப் பட்டறையில் ஐந்து பேர் இல்லை. முதலாளிக்கு ஒரு ஆளின் மூன்று நாள் கூலி மிச்சம். ஐந்து ஆளின் வேலை நஷ்டம். இந்தக் கணக்கை முதலாளிமாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது, கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (மிகச் சிலரே கை தூக்கினர்.) இருக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோய்க்காலப் பணத்துக்கு ஒரு விதி வைத்தார்கள்: நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பதினைந்து நாளுக்குள் திரும்ப நோய்ப்பட்டால்தான் அந்த விதியில் விலக்கு. பொய்யாக லீவு போடுகிறவர்களைத் தடுக்க வைத்ததாக இருக்கலாம். ஆனால் ஃப்ளூவில் அந்த முதல் இரண்டு நாள்தான் கிருமி அதிகமாக வெளியேறும் நாள்! எந்த இரண்டு நாள் தொழிலாளி வேலைக்கு வரவே கூடாதோ, அந்த இரண்டு நாளுக்குத்தான் காசு இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

சரி, சட்டம் மாறும்வரை என்ன செய்வது? ஒரே அறையில் பத்துப் பேர் இருக்கிறோம், ஒருவருக்குக் காய்ச்சல். அவரைக் கதவுக்கோ ஜன்னலுக்கோ பக்கத்தில் படுக்கவையுங்கள், மூலையில் தள்ளாதீர்கள். சாரல் அடித்தாலும் ஒரு கீற்றாவது திறந்து வையுங்கள். மேசை விசிறி இருந்தால் அதை ஜன்னலில் வைத்து, காற்று வெளியே போகும்படி திருப்புங்கள். அவர்மேல் காற்று வீசும்படி வைத்தால் அவர் மூச்சை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததாக ஆகும். எல்லாரும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஒருவர் தலை இருக்கும் இடத்தில் அடுத்தவர் கால் வரட்டும். பட்டாளத்துக் கொட்டகைகளில் இந்த முறையை அந்தக் காலத்திலிருந்தே சொல்லிவந்திருக்கிறார்கள், காசு செலவில்லாதது. காய்ச்சல்காரரும் அவருக்குப் பணிவிடை செய்பவரும் மாஸ்க் போடட்டும். பணிவிடைக்கு ஒரே ஆள் போதும். கர்ப்பிணியோ வயதானவரோ வேண்டாம். தம்ளரும் துண்டும் தனி. இருமல் வந்தால் உள்ளங்கையில் இருமாமல் முழங்கை மடிப்பில் இருமட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நம் பகுதியில் தண்ணீர் வரும் நேரத்தைப் பொறுத்தது; அந்த வெட்கத்தை மாநகராட்சியிடம் விட்டுவிட்டு, ஒரு வாளியைக் கைகழுவுவதற்கென்றே பிடித்து வையுங்கள்.

ஊசி போடுங்க டாக்டர் என்று கெஞ்சும் பழக்கத்தை விட வேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸைக் கொல்லாது. ஃப்ளூவுக்கென்று மாத்திரை உண்டு. முதல் 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். யாருக்குத் தேவை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், அறுபத்தைந்து தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் — இவர்களுக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். யாராயிருந்தாலும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், கூப்பிட்டால் சரியாக விழிக்காவிட்டால், இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினால், அந்த நேரமே ஆஸ்பத்திரி. கூடப்போக ஆள் இல்லையென்றால் மன்றத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

தடுப்பூசி உண்டு. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். முழுக் காப்பு என்று சொல்ல மாட்டோம், கடுமையைக் குறைக்கும். ஆனால் நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்க்கவில்லை. சில மாநிலங்களில் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவ ஊழியர்களுக்கும் இலவசமாகப் போட்டதுண்டு. மற்றவர்கள் தனியாரிடம் காசு கொடுக்க வேண்டும்.

கடைசியாக வீடு. மறுசீரமைப்பு என்ற பெயரில் நம் தலைமேல் என்ன கட்டப்போகிறார்கள் என்பதும் காய்ச்சல் சங்கதிதான். கோவண்டிப் பக்கத்தில் குடிசைகளைக் காலி செய்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த அடுக்குக் கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று மீட்டர். கீழ்த்தளத்தில் நடுப்பகலிலும் விளக்கு எரிகிறது. 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று அங்கே வெயிலும் காற்றும் புகாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று காட்டியது. காசமும் காற்றில் பரவுவதுதான். தாராவியில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று 2024-இல் அறிவித்தார்கள். எத்தனை சதுர அடி என்றே நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எத்தனை ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே எத்தனை அடி வானம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தகுதி இல்லை என்று தள்ளப்படும் மாடி அறைக்காரர்களும் வாடகைக்காரர்களும் எங்கே போய் மூச்சு விடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும், போடுகிறோம்.

செயற்குழு எடுத்திருக்கும் முடிவுகளைச் சொல்லி முடிக்கிறோம். நோயின் முதல் நாளிலிருந்தே கூலியோடு விடுப்பு, மழைக்காலத்தில் வார்டுக்கு ஒரு தங்கும் முகாம், கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் இலவசத் தடுப்பூசி, புதுக் கட்டடங்களுக்கு நடுவே போதிய இடைவெளி — இந்த நான்கையும் கேட்டு ஒரு மனு தயாராகியிருக்கிறது. தமிழில் ஒரு படி, மராத்தியில் ஒரு படி. இது நம்மவர் காரியம் மட்டுமல்ல. பக்கத்து சந்தில் இருக்கும் உத்தரப் பிரதேசத்துத் தையல்காரர்களும் குஜராத்திக் குயவர்களும் அதே காற்றைத்தான் இழுக்கிறார்கள். அவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இந்திப் படி ஒன்றை எழுதித்தர ஒரு தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மன்றத்தின் வாசகசாலைக்கு மேலே இருக்கும் அறையை இந்த மழை முடியும்வரை காலி செய்து வைக்கிறோம். பழைய மலர்க் கட்டுகளை வேறிடத்தில் அடுக்கியாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஜன்னல், நான்கு கட்டில். குடும்பம் இல்லாமல் கூட்டாகத் தங்கும் தம்பிமாரில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் அங்கே வந்து ஐந்து நாள் படுத்துக்கொள்ளலாம். கஞ்சியும் சோறும் கொடுப்பதாக மூன்று மெஸ்காரர்கள் ஏற்றிருக்கிறார்கள். அந்த ஐந்து நாளில் அவர்களுடைய இட்லி ஏனத்தையும் சைக்கிளையும் யார் எடுத்துப் போவது, வாடிக்கை கைமாறிப் போகாமல் எப்படிப் பார்ப்பது என்பதைத் தம்பிமார்களே இப்போது உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கதவுப் பக்கம் மேசை போட்டிருக்கிறது.